விற்ற வளையல் திரும்பி வந்த கதை

ஒரு சீரியலை ஏன் பாதியில் விட்டீர்கள் என்று யாரைக் கேட்டாலும் "ஜவ்வா இழுக்கிறாங்க" என்றுதான் சொல்வார்கள். வாய்க்கு முதலில் வருகிற பதில் அது. நான் அதை நம்புவதில்லை. இழுவை பிடிக்காதவர்கள் முதல் மாதத்திலேயே சேனலை மாற்றியிருப்பார்கள். 'கோலங்கள்' 2003-ல் தொடங்கி 2009 வரை 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அத்தனை வருஷமும் அதன் கதாநாயகி அபியின் கூடவே வந்தவர்களுக்குக் கதை மெதுவாகப் போகிறது என்று தெரியாதா என்ன? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒருநாள் எழுந்து போகிறார்கள் என்றால் காரணம் வேறு. பள்ளத்தூரிலும் காரைக்குடியிலும் சீரியல் பார்க்கிற பெண்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இப்போதும் அவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தக் காரணத்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் இந்த இழுவை விவகாரத்தை முடித்துவிடுகிறேன். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் போனால், பின்கட்டில் நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருப்பார்கள். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, முறுக்கி முறுக்கி, வட்டத்துக்குள் வட்டமாகத் துணியில் இறக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சுற்று பிரிந்துவிடும். சுற்றுகிறவர்கள் கண் மாவில் இருக்கிறது, அடுப்படியில் நிற்பவர் கண் எண்ணெயில் இருக்கிறது. டிவி அலமாரி மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. காதால்தான் கதை உள்ளே போகிறது, இசை மாறும்போது மட்டும் எல்லோரும் நிமிர்கிறார்கள்.

அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் சீரியலின் கட்டமைப்பு புரியும். ஒருத்தியின் ரகசியம் ஏழு பேர் முன்னால் உடைகிறது. கேமரா ஏழு முகத்துக்கும் தனித்தனியாகப் போகிறது, இடி இடிக்கிறது, மறுபடியும் முதல் முகத்திலிருந்து தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சிரிக்கும் இடம் இது. முறுக்கு சுற்றுகிற பெண்ணுக்கோ கையில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க அந்த நேரம் வேண்டியிருக்கிறது. முந்தின நாள் காட்சியை மறுநாள் இரண்டு நிமிஷம் திரும்பப் போடுவதும், "அப்போ நேத்து நீ பேங்குக்குப் போகவே இல்லையா?" என்று ஒருத்தர் கேட்டுக் கதையை நினைவுபடுத்துவதும் இவர்களுக்கு உதவுகிறது. வேலை செய்துகொண்டே பார்ப்பதற்கென்று ஏற்பட்ட வடிவம் இது. இதைக் குறை சொல்கிறவர்கள் யாரும் கையில் மாவோடு பார்த்ததில்லை.

2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு கடுமையாக இருந்தது நினைவிருக்கும். எங்கள் ஊரில் இருட்டில் முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வோம். மறுநாள் காலையில் இன்வர்ட்டர் இருக்கிற வீட்டில் "நேத்துப் பார்த்தியளா ஆச்சி?" என்று கேட்டால் போதும், விட்டுப்போன கதை வசனத்தோடு வந்துவிடும். கதை மெதுவாக நகர்ந்ததால் யாரும் பின்தங்கிப் போகவில்லை. எனவே இழுவை ஒரு காரணமே இல்லை என்பது என் கட்சி.

அடுத்து எல்லோரும் சொல்வது ஆள் மாற்றம். "இனி இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுத்து வரும், நேற்றுவரை ஒரு முகமாக இருந்தவர் இன்று வேறு முகமாக வந்து காபி கேட்பார். 'செம்பருத்தி'யில் ஆதியாக நடித்த கார்த்திக் ராஜ் 2020 கடைசியில் விலகியபோது எங்கள் தெருவில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. 'பாரதி கண்ணம்மா'வில் ரோஷினி 2021-ல் போய் வினுஷா வந்தார். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' கதை நடக்கிற ஊர் நம் குன்றக்குடி என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்துபோனார். அது சாதாரண ஆள் மாற்றம் இல்லை, பார்க்கிறவர்கள் மனசை உலுக்கிய சாவு. அதன்பிறகு முல்லையாக இரண்டு பேர் நடித்தார்கள், தொடர் 2023 வரை ஓடியது, பார்த்தவர்களும் பார்த்தார்கள்.

'எதிர்நீச்சல்' சமாச்சாரம் இதைவிடப் பெரியது. 2022-ல் தொடங்கிய தொடர். மாரிமுத்து அதில் ஆதி குணசேகரனாக வந்து மருமகள்களை அடக்கி வைக்கிற ஒரு மனுஷனை அப்படியே கண்முன் நிறுத்தினார். எங்கள் வீட்டுப் பெண்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது, அவர் வராத எபிசோடு பிடித்ததும் கிடையாது. திட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தங்கள் வாழ்க்கையில் எங்கோ அப்படி ஒருத்தரைத் தெரியும். 2023 செப்டம்பர் 8 காலையில் அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தவருக்கு உடம்பு முடியாமல் போய், அன்றே இறந்துவிட்டார். எதிர் வீட்டு ஆச்சி அன்று ராத்திரி டிவி போடவில்லை. "எத்தனை ஏச்சு ஏசியிருப்பேன் அந்த மனுஷனை" என்று ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ஆச்சி நாலைந்து நாள் கூர்ந்து பார்த்தார். "இவர் மிரட்டுற தோரணை வேற. ஆனா நடத்தை அதே நடத்தைதான்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பார்த்தார்.

நடத்தை என்று ஆச்சி சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. முகம் மாறலாம், குரல் மாறலாம், அதைப் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒருத்தர் எப்படிப்பட்டவர் என்று வருஷக்கணக்கில் பழகித் தெரிந்துவைத்திருப்பது மட்டும் மாறக் கூடாது.

ஊர்ப் பிசகுகளையும் பொறுத்துக்கொள்வார்கள். 'நாதஸ்வரம்' 2010-லிருந்து 2015 வரை எங்கள் காரைக்குடி வட்டாரத்தில் எடுத்த தொடர். ஆயிரமாவது எபிசோடை 2014 மார்ச் 5-ஆம் தேதி ஒரே ஷாட்டில், நேரலையாக, 23 நிமிடம் 25 விநாடி ஓட்டிக் கின்னஸில் ஏற்றினார் அதன் டைரக்டர் திருமுருகன். அன்று நடிக்கிறவர்கள் வசனம் தப்பிவிடக் கூடாதே என்று நாங்கள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொதுவாகவே செட்டிநாட்டு வீடுகள் ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகிற வீடுகள். திரையில் ஒரு வீட்டு வாசலில் நுழைகிறவர் இன்னொரு ஊர் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், போய் நிற்பார். எங்கள் ஆட்களுக்குத் தூணைப் பார்த்தாலே எந்த வீடு என்று தெரியும். "இது கானாடுகாத்தான் வீடுல்ல?" என்பார்கள். அதைக் கண்டுபிடிப்பது ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். அதற்காக ஒருத்தரும் சீரியலை விட்டதில்லை.

அப்படியானால் எதற்காக விடுகிறார்கள்? எதிர் வீட்டு ஆச்சி ஒரு சீரியலை விட்ட கதையைச் சொல்கிறேன். தொடரின் பெயர் வேண்டாம். அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கஷ்டப்பட்டுத்தான் செய்தார்கள்.

கூட்டுக் குடும்பக் கதை. மூத்த மருமகள், கொழுந்தன் காலேஜ் ஃபீஸ் கட்டுவதற்காகத் தன்னுடைய நாலு வளையலையும் கழற்றிக் கொடுக்கிறாள். பிறந்த வீட்டில் போட்டது. மாமியாருக்குத் தெரியாமல் நகைக்கடைக்குப் போய் விற்கிறாள், எடை போடும்போது அவள் முகத்தைக் காட்டுகிறார்கள், வீட்டுக்கு வந்து கண்ணாடி வளையல் போட்டுக்கொள்கிறாள். கொழுந்தன் காலில் விழுந்து அழுகிறான். அந்த ஒரு வாரம் எங்கள் தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பெண்ணும் பிரமாதமாக நடித்தாள். ஆச்சி அதற்கப்புறம் பல மாதம் அவள் கையையே கவனித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வளையல் இருக்கிறது என்று திருப்தியாகச் சொல்வார்.

ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. கொழுந்தனுக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, பணக்கார வீட்டிலிருந்து இளைய மருமகள் வந்திருக்கிறாள். அவள் கூடத்தில் நின்று மூத்தவளைப் பார்த்து, "இந்த வீட்டுக்கு நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கேட்கிறாள். கொழுந்தன் பக்கத்தில் நிற்கிறான். வாயைத் திறக்கவில்லை. நன்றி கெட்டவனாக மாறிவிட்டான் என்று காட்டியிருந்தால்கூட ஆச்சி ஏற்றுக்கொண்டிருப்பார், உலகத்தில் அப்படி ஆட்கள் உண்டு. அவன் முகத்தில் வெட்கமும் இல்லை, திருட்டு முழியும் இல்லை. ஒன்றுமே இல்லை. மூத்தவளும் அழுகிறாளே தவிர வளையல் என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்குகிறாள், கையில் நாலு தங்க வளையல்.

"ஏத்தா, வித்த வளையல் எப்ப திரும்பி வந்துச்சு?" என்று ஆச்சி என்னைக் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆச்சி உடனே விடவும் இல்லை. ஏதோ திருப்பம் வைத்திருக்கிறார்கள், புருஷன் ரகசியமாக மீட்டுக் கொடுத்திருப்பான், இந்த வாரம் சொல்வார்கள், அடுத்த வாரம் சொல்வார்கள் என்று காத்திருந்தார். எழுதுகிறவர்கள் விட்ட ஓட்டையை அடைக்க தானே ஒரு கதை யோசித்துவைத்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் அந்த நேரத்துக்கு டிவியை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். கோபமெல்லாம் இல்லை. "அவுகளுக்கே ஞாபகம் இல்ல, நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்கணும்" என்றார்.

ஆச்சி மாதிரி ஆட்களின் ஞாபகம் எப்படிப்பட்டது என்று இந்த ஊரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஓலை எழுதுவார்கள், மொய்ப்பணம் எழுதுவார்கள், பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களைப் பரப்பி வைத்துக் காட்டுவார்கள். யார் வீட்டிலிருந்து எந்த முறைக்கு என்ன வந்தது, திருப்பி என்ன போனது என்பது நோட்டிலும் இருக்கும், பெண்களின் தலைக்குள்ளும் இருக்கும். இந்தப் பித்தளை அண்டா எந்தக் கல்யாணத்தில் வந்தது என்று ஆச்சி யோசிக்காமல் சொல்வார். எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யாருக்கு யார் என்ன முறை என்று நாலு தலைமுறைக்குத் தடுமாறாமல் போவார். அதே கவனத்தோடுதான் ஒரு சீரியல் குடும்பத்தையும் பார்க்கிறார். யாருக்கு யார் என்ன செய்தார்கள் என்பதுதானே குடும்பக் கதை? 'மெட்டி ஒலி'யில் சிதம்பரம் தன் ஐந்து பெண்களில் யாருக்கு என்ன செய்தார், எதைச் செய்ய முடியாமல் போனார் என்பதை 2005-ல் தொடர் முடிந்த பிறகும் பல வருஷம் எங்கள் வீட்டில் பேசினார்கள். 2020 ஊரடங்கில் அதை மறுபடி ஒளிபரப்பியபோது அடுத்த காட்சியை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு பார்த்தார்கள். பார்க்கிறவர்கள் மனசில் வைத்திருந்ததைக் கதையும் மனசில் வைத்திருந்தது.

இந்த மறதி எப்படி வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு. பல தொடர்களில் இன்று எடுப்பது சில நாளில் திரையில் வந்தாக வேண்டும். வசனம் செட்டுக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்வதும் உண்டு. வியாழக்கிழமை, எத்தனை பேர் டிவி பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற 'பார்க்' (BARC) அமைப்பின் ரேட்டிங் வருகிறது, எண்ணிக்கை இறங்கினால் டிராக் மாறுகிறது. நடுவில் வசனகர்த்தா மாறுகிறார், டைரக்டர் மாறுகிறார், ஒரு நடிகைக்கு வேறு இடத்தில் கால்ஷீட் இருக்கிறது, அவளை வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் போன வருஷத்து வளையலை யார் நினைவில் வைத்திருப்பது? ஆனாலும் கேட்கிறேன், இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் ஒரே ஒருத்தர், ஒரே ஒரு நோட்டு, கதையில் யார் என்ன கொடுத்தார்கள், என்ன சத்தியம் செய்தார்கள், எந்த உண்மை யாருக்குத் தெரியும் என்று எழுதி வைக்க முடியாதா? புது டைரக்டர் வந்த அன்று அந்த நோட்டை அவர் கையில் கொடுத்தால் போதும். செலவு என்று பார்த்தால் ஒரு சம்பளம்.

மறதிக்கு இன்னொரு முகமும் உண்டு. கதையை நீட்டுவதற்காகப் புத்திசாலியை முட்டாளாக்குவது. 'பாரதி கண்ணம்மா'வில் பாரதி டாக்டர். குழந்தை தன்னுடையதா என்ற சந்தேகத்தில் மனைவியைப் பிரிகிறான். ஒரு டிஎன்ஏ பரிசோதனையில் தீர்ந்துவிடுகிற சந்தேகம், வருஷக்கணக்கில் தீரவில்லை. எங்கள் சின்னாத்தா மகள் லேப் டெக்னீஷியன். அவள்தான் வீட்டில் அந்தத் தொடரின் பெரிய ரசிகை, கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களில் கூடவே அழுதவள். அவள் விட்டதற்குக் காரணம் தாமதம் இல்லை. "ஒரு டாக்டருக்கு இது தோணாதுன்னா அவன் டாக்டரே இல்ல, அவனுக்காக நான் ஏன் கவலைப்படணும்?" என்றாள். சந்தேகப்படுகிற புருஷனை அவள் மன்னிக்கத் தயாராக இருந்தாள். படித்த படிப்பையே மறந்த டாக்டரை அவளால் நம்ப முடியவில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் ஆத்திரத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அடங்கியிருந்த பெண் ஒருத்தி சனிக்கிழமை எபிசோடில் எழுந்து நிற்பாள், மாமியாரையோ புருஷனையோ நேருக்கு நேர் கேட்பாள், தலைவாசலைத் தாண்டி வெளியே போவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்து இருக்கும். திங்கட்கிழமை அவள் அதே அடுப்படியில் அதே தலைகுனிவோடு நிற்பாள், நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி. ஒருமுறை நடந்தால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளலாம், நிஜ வாழ்க்கையிலும் பெண்கள் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். ஆனால் திரும்பி வந்தவள் போனவளாக இருக்க மாட்டாள், வீட்டில் இருக்கிறவர்களும் அவளைப் பார்த்துக் கொஞ்சமாவது பயப்படுவார்கள். அந்த மாற்றம் திரையில் இல்லாதபோது அவளுக்காகச் சந்தோஷப்பட்டவர்களை ஏமாற்றியதாகத்தான் அர்த்தம். பலகாரம் போடுகிற அக்கா வீட்டில் ஒரு தொடரை எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் மாற்றியது இப்படி ஒரு திங்கட்கிழமையில்தான்.

தொடரின் மேல் எந்தத் தப்பும் இல்லாமல் நின்றுபோவதும் உண்டு. எட்டு மணிக்கு ஓடியதை மத்தியானத்துக்கு மாற்றுவார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அதோடு முடிந்தது. செல்போனில் பார்க்கலாம், ஆனால் எங்கள் பெரியாத்தா மாதிரி ஆட்களுக்குச் செல்போனில் பார்ப்பது பார்ப்பதே இல்லை. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஒன்றிரண்டு வயசானவர்கள்தான் மிச்சம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கிற வீட்டில் சாயங்காலம் கேட்கிற ஒரே பேச்சு சீரியல் பேச்சு. பெரியாத்தாவும் அவர் கொழுந்தன் மனைவியும் வருஷக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தக் கொழுந்தன் மனைவி தன் மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போன பிறகு பெரியாத்தா அந்தத் தொடரைத் தொடவில்லை. கதை என்ன ஆச்சு என்று போனில் கேட்டால், "நீ பாத்துட்டுச் சொல்லு" என்று இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்களாம். யாரும் பார்க்கவில்லை.

கடைசியாக, முடிவு. 2020-ல் ஊரடங்கால் படப்பிடிப்பு நின்றபோது சில தொடர்கள் முடிக்காமலே காணாமல் போயின. அது நோய்க் காலம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சாதாரண காலத்திலும் ரேட்டிங் விழுந்துவிட்டால் ஒரே வாரத்தில் வில்லி திருந்தி, கோமாவில் இருந்தவர் எழுந்து, எல்லோரும் சேர்ந்து நின்று கும்பிட்டு முடித்துவிடுகிறார்கள். அப்படி ஒரு முடிவைப் பார்த்தவர்கள் அடுத்த தொடரில் மனசை முழுசாக வைப்பதில்லை. ஒரு காலத்தில் தூர்தர்ஷனில் பதின்மூன்று வாரம் என்று கணக்கு வைத்துத் தொடர்கள் வந்தன. அவ்வளவு சுருக்க வேண்டாம். எங்கே முடியும் என்று எழுதுகிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அந்த இடம் நெருங்கும்போது பார்க்கிறவர்களிடம் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இது என் கோரிக்கை.

ஆச்சிக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. "நல்லா போற நாடகத்த எதுக்கு முடிக்கணும்? பேரன் பேத்தி வரைக்கும் போகட்டுமே, நான் பாக்க மாட்டேன்னா சொல்றேன்?" என்கிறார். அவர் இப்போது புதுசாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார். முதல் வாரத்திலேயே அதில் வரும் அம்மா தன் மகளுக்கு ஒரு அட்டிகையைக் கொடுத்து, அது யார் கொடுத்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அட்டிகையில் எத்தனை கல் என்று ஆச்சி எண்ணி வைத்திருக்கிறார். எழுதுகிறவர்களும் எண்ணி வைத்திருக்க வேண்டும்.